குத்தகைக் காலம் முடியுமுன் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால்

கொழும்பிலே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, தெஹிவளை போன்ற பகுதிகளில் வாடகை வீடுகளில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் தொகை சிறியதல்ல. பிள்ளைகளின் கல்வி, தொழில், மருத்துவம், வெளிநாட்டுப் பயண ஏற்பாடுகள் எனப் பல காரணங்களை முன்னிட்டு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோர் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடங்களுக்கென வீடெடுத்து, ஆறு மாத வாடகையையோ ஒரு வருட வாடகையையோ ஒரே தடவையில் முற்பணமாகக் கொடுத்து விடுகின்றனர். நகையை அடகு வைத்தோ வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கடன்பட்டோ திரட்டிய பணமாகவே பெரும்பாலும் அது இருக்கின்றது. இந்நிலையில், இடையிலே விசா கிடைத்துவிட்டால் அல்லது இடமாற்றக் கடிதம் வந்துவிட்டால் அல்லது குடும்பத் தலைவரின் தொழில் பறிபோய்விட்டால் அவ்வீட்டைவிட்டு உரிய காலத்துக்கு முன்பே வெளியேற முடியுமா, கொடுத்த பணம் திரும்புமா என்ற கேள்விகள் எழுகின்றன.

இக்கேள்விகளுக்கு நம்மவர் மத்தியில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஒன்று, ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் போதும் என்பது. மற்றையது, காலத்துக்கு முன் வெளியேறினால் முற்பணம் முழுவதும் போய்விடும் என்பது. இவை இரண்டும் சில சந்தர்ப்பங்களில் சரியானவை. வேறு சில சந்தர்ப்பங்களில் முற்றிலும் பிழையானவை. எது எப்போது பொருந்தும் என்பது வீட்டுக்காரரின் குணத்தைப் பொறுத்ததன்று. கையிலுள்ள பத்திரம் எவ்வகையானது என்பதையே அது முதலில் பொறுத்திருக்கின்றது.

வாடகை வீடு என்றதும் பலரும் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தையே நினைவுகூர்வர். வாடகையை உயர்த்துவதையும் குடியிருப்பாளரை வெளியேற்றுவதையும் கட்டுப்படுத்த எழுந்த சட்டம் அது. போக விரும்பும் குடியிருப்பாளரைப் பற்றி அச்சட்டம் அதிகம் கவலைப்படவில்லை. மேலும், 1980 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர், புதிதாகக் கட்டி வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பல அதன் பிடிக்கு வெளியே சென்றுவிட்டன. எனவே இன்று தொடர்மாடியொன்றில் வீடெடுக்கும் ஒருவரின் விவகாரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மூன்று: அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ரோமன் டச்சுச் சட்டம், 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று.

நொத்தாரிசின் கையொப்பம் உண்டா?

அந்தக் கட்டளைச் சட்டம், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். காணி, வீடு ஆகியவற்றை விற்கும், ஈடு வைக்கும் உறுதிகளை நொத்தாரிசு ஒருவரினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில் எழுத வேண்டும் என்பதைப் பலர் அறிவர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதே விதி பொருந்தும் என்பதை அறிந்தவர் சிலரே. ஒரு மாதத்தைக் கடந்த குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்படாவிட்டால் குத்தகை என்ற வகையில் அதற்குச் சட்ட வலு கிடையாது.

நடைமுறையோ வேறு. கடையில் விற்கும் அச்சிட்ட படிவத்தை நிரப்பி, முத்திரையொட்டி, அயலவர் இருவரைச் சாட்சியாக வைத்து, 'இரண்டு வருட லீஸ்' என்று எழுதிக்கொள்வோர் ஏராளம். சிலர் சமாதான நீதவான் ஒருவரின் இறப்பர் முத்திரையையும் பெற்றுக்கொண்டு காரியம் உறுதியாகிவிட்டதென எண்ணுகின்றனர். சமாதான நீதவானின் முத்திரை நொத்தாரிசின் அத்தாட்சிக்கு ஈடாகாது. சட்டத்தரணியாக இருப்பவர் கூட நொத்தாரிசாகவும் இருந்து, உரிய முறையில் அத்தாட்சிப்படுத்தினாலன்றி அது நொத்தாரிசு உறுதியாகாது.

அவ்வாறாயின் அப்படிவத்தின் பேரில் குடியேறி மாதாமாதம் வாடகை செலுத்தி வருபவரின் நிலை என்ன? அவரை மாதவாரிக் குடியிருப்பாளராகவே எமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளன. அதாவது, தாளில் இரண்டு வருடம் என்றிருந்தாலும் சட்டத்தின் கண்களில் அது மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் உறவே. ஆகவே உரிய முறையில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து அவர் வெளியேறலாம். எஞ்சிய பதினைந்து மாத வாடகையையும் கட்டிவிட்டுப் போ என்று வீட்டுக்காரர் கோருவாரானால், அக்கோரிக்கை நிற்கும் தளம் மிகவும் பலவீனமானது.

ஆயினும் இது இருபுறமும் கூரான கத்தி என்பதை மறத்தல் ஆகாது. இரண்டு வருடம் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் பிள்ளையை அருகிலுள்ள பாடசாலையில் சேர்த்த குடும்பத்துக்கு, வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத வீடாயின், வீட்டு உரிமையாளரும் அதே ஒரு மாத அறிவித்தலைக் கொடுக்க இயலும். நொத்தாரிசுக்குச் செலுத்தும் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் மிச்சப்படுத்தியதாக இருவரும் எண்ணுகின்றனர். உண்மையில் இருவருமே தமது காலவரையறையை இழந்துள்ளனர்.

அறிவித்தலைக் கணிக்கும் முறை

ஒரு மாத அறிவித்தல் என்பது கடிதம் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாள் எண்ணுவதன்று. வாடகை மாதம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகின்றதோ அந்த முழு மாதம் ஒன்று அறிவித்தலுக்குப் பின் கழிய வேண்டும். வாடகை முதலாந் திகதியில் தொடங்குவதாகக் கொள்வோம். ஜூன் 30 இல் வெளியேற விரும்புபவரின் அறிவித்தல் மே 31 ஆந் திகதிக்குள் உரிமையாளரைச் சென்றடைந்திருத்தல் வேண்டும். ஜூன் 10 இல் கொடுக்கப்படும் அறிவித்தல் ஜூலை 31 இல்தான் நிறைவேறும். ஜூலை மாத வாடகையும் கொடுக்கப்பட வேண்டியதே. வாடகை 15 ஆந் திகதி தொடங்கியிருப்பின் மாதமும் 14 ஆந் திகதியே முடியும். வாடகை மாதத்தின் நடுவில் முடிவதாக எழுதப்பட்ட அறிவித்தலைச் செல்லாது என்று வாதிட இடமுண்டு என்பதால் திகதியில் கவனம் தேவை.

தொலைபேசியில் சொன்னேன், வாடகை கொடுக்கும்போது வாய்மொழியாகக் கூறினேன் என்பன பின்னர் தகராறு வரும்போது காற்றில் கரைந்துவிடும். எழுத்தில், உரிமையாளரின் பெயருக்கு, வீட்டின் முகவரியையும் வெளியேறும் திகதியையும் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகப் பற்றுச்சீட்டைப் பிரதியுடன் இணைத்து வைத்தல் நன்று. உரிமையாளர் வெளிநாட்டிலிருக்க, அவரது மைத்துனரோ தரகரோ வாடகையை வாங்கிச் செல்லும் வீடுகளில் இருவருக்குமே கடிதம் அனுப்புவது புத்திசாலித்தனமாகும்.

நொத்தாரிசு உறுதியாக இருப்பின்

முறைப்படி நொத்தாரிசு மூலம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவும் செய்யப்பட்ட இரண்டு வருடக் குத்தகையாயின் நிலைமை வேறு. குறித்த காலம் முழுவதற்கும் குடியிருப்பாளர் கட்டுப்பட்டவர். விசா கிடைத்தமை, இடமாற்றம், தொழிலிழப்பு, நோய் ஆகியவை எவ்வளவு நியாயமான காரணங்களாயினும் அவை தாமாகக் குத்தகையை முடித்துவிட மாட்டா. குத்தகையெடுத்தவர் இறந்தால் கூட, வேறு ஏற்பாடு உறுதியில் இல்லையேல், குத்தகை அவரது வாரிசுகளைத் தொடர்வதே பொதுவிதி. கணவரை இழந்த பெண்ணொருத்தி, துக்க நாட்கள் முடிவதற்கு முன்பே அடுத்த மாத வாடகைக் கோரிக்கையை எதிர்கொள்ள நேர்வது இதனாலேயே. வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் குத்தகை முறிவதில்லை. குத்தகை விற்பனைக்கு முந்தியது என்பது டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அது குடியிருப்பாளரைப் புதிய உரிமையாளரிடமிருந்து காக்கின்றது. அதே வேளை, வீடு கைமாறியதையே காரணங்காட்டி அவர் வெளியேறுவதற்கும் அது இடமளிப்பதில்லை.

ஆதலால் முதலிற் செய்ய வேண்டியது உறுதியை எடுத்து ஆற அமர வாசிப்பதாகும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்ட உறுதியில் என்ன இருக்கின்றதென்று அறியாமலே கையொப்பமிட்டோர் நம்மிடையே அதிகம். இடையில் முடித்துக்கொள்ளும் வாசகம் ஒன்று அதில் இருக்கலாம். இரண்டு அல்லது மூன்று மாத அறிவித்தலுடன் எத்தரப்பும் குத்தகையை முடிக்கலாம் என்பது அதன் வழமையான வடிவம். தூதரகங்களும் வெளிநாட்டுக் கம்பனிகளும் தமது அலுவலர்களுக்கு வீடெடுக்கும்போது இத்தகைய வாசகத்தை வலியுறுத்திச் சேர்த்துக் கொள்கின்றன. தரகர்கள் அதனை 'டிப்ளோமெட்டிக் குளோஸ்' என்றே அழைப்பர். மட்டக்களப்பிலிருந்து வரும் ஆசிரியருக்கும் இடமாற்றம் வரும். அவருடைய உறுதியில் மாத்திரம் அவ்வாசகம் இடம்பெறாதிருப்பதற்கு, அவர் கேட்காததைத் தவிர வேறு காரணமில்லை.

வாசகம் இல்லையேல், அடுத்த வழி உடன்பாடு. எழுதப்பட்ட குத்தகையை இரு தரப்பும் விரும்பி எப்போதும் முடித்துக்கொள்ளலாம். வாடகைகள் ஏறுமுகமாக உள்ள பகுதியில் பழைய வாடகைக்கு இருப்பவர் வெளியேறுவது உரிமையாளருக்கு நன்மையாகவே அமையும். அதனைக் கணக்கிட்டுப் பேசுவோர் முற்பணத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கின்றனர். தமக்குப் பதிலாக நம்பிக்கையான இன்னொரு குடும்பத்தைக் கொண்டுவந்து காட்டுவது மிகவும் பயன்தரும் உபாயம். ஆனால் உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றி வீட்டை உறவினரிடம் கையளித்துவிட்டு விமானமேறுவது ஆபத்தானது. கீழ்க்குத்தகைக்கு விடுவதைப் பெரும்பாலான உறுதிகள் தடை செய்கின்றன. வாடகைச் சட்டத்துக்குட்பட்ட வீடுகளிலோ உரிமையாளரின் முன்கூட்டிய எழுத்து மூலச் சம்மதமில்லாத கீழ்வாடகையை அச்சட்டமே தடை செய்தது.

உரிமையாளரின் தவறும் அச்சத்தின் நியாயமும்

உடன்பாடு எட்டப்படாத இடத்தில், உரிமையாளர் தமது கடமையை நிறைவேற்றியுள்ளாரா என்று பார்க்க வேண்டும். வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் ஒப்படைத்தல், அந்நிலையிலேயே பேணுதல், குடியிருப்பாளரின் அமைதியான அனுபவத்தில் குறுக்கிடாதிருத்தல் ஆகியன ரோமன் டச்சுச் சட்டம் அவர்மீது சுமத்தும் பொறுப்புகள். கூரை ஒழுகுகின்றது, மலசலகூடக் குழி நிரம்பி வழிகின்றது, மின்னிணைப்பு பாதுகாப்பற்றது என்று எழுத்தில் அறிவித்து, திருத்துவதற்கு நியாயமான அவகாசமும் கொடுத்த பின்னரும் அவர் அசையாவிட்டால், குறைபாடு வாழ்வதற்கே இடையூறாக அமையும் அளவுக்குப் பாரதூரமானதாயின், குத்தகையை முறித்து வெளியேற உரிமையுண்டு. சுவரில் நிறம் உரிந்திருப்பது அத்தகைய காரணமாகாது. குறைபாடு சிறியதெனில் வாடகையில் ஒரு பகுதியைக் குறைக்கக் கோருவதோடு நிற்க வேண்டியதே.

இச்சட்டத்தின் வேர்கள் மிகப் பழையவை. கி.பி. 533 இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டத் தொகுப்பில் ரோமானிய அறிஞர் காயுஸின் கருத்தொன்று உள்ளது. அயலவர் கட்டும் கட்டடத்தால் வீட்டின் அறைகள் இருண்டு போனால் குடியிருப்பாளர் குத்தகையைக் கைவிடலாம் என்றும், பழுதடைந்த கதவு யன்னல்களை உரிமையாளர் திருத்தாதபோதும் அவ்வாறே என்றும் அவர் கூறுகிறார். காலி வீதியின் இருமருங்கும் தொடர்மாடிகள் நெருங்கி எழுந்து, நண்பகலிலும் மின்விளக்கேற்றி வாழ்வோருக்கு இது சற்று வியப்பூட்டக்கூடும். இன்று ஒருவர் அதனை மட்டும் நம்பி வழக்காடுவது விவேகமாகாது. ஆயினும் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியர் தொடர்ந்து நடைமுறையில் வைத்துக்கொண்ட சட்டம் இந்த மரபிலிருந்தே கிளைத்தது.

அதே தொகுப்பில் வரும் இன்னொரு கருத்து எமது மக்களுக்கு மிகவும் நெருக்கமானது. அச்சத்தினால் வீட்டைவிட்டு ஓடியவர் வாடகை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அங்கே எழுப்பப்படுகின்றது. அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்ததெனில், இறுதியில் ஆபத்து எதுவும் நேராவிட்டாலும், வாடகை கொடுக்கத் தேவையில்லை. காரணமின்றி அஞ்சியிருப்பின் கொடுக்க வேண்டும் என்பதே பதில். 1983 ஜூலையில் கொழும்பு வாடகை வீடுகளிலிருந்து தமிழர்களும், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோரும் வெளியேறியபோது பின்னால் விட்டுச் சென்றவற்றில் முற்பணங்களும் அடங்கும். அவற்றைக் கேட்டு வழக்கு வைக்கும் நிலையில் அன்று எவரும் இருக்கவில்லை. கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் அடிப்படை இருந்தது என்பதையாவது பதிந்து வைக்க வேண்டியுள்ளது.

இயற்கை அனர்த்தங்களிலும் இதே தத்துவம் தொழிற்படுகின்றது. வீடு முற்றாக அழிந்தால் குத்தகை முடிவுறும். எவரது தவறுமின்றி ஒரு காலத்துக்கு வீட்டைப் பயன்படுத்த முடியாதுபோனால் அக்காலத்துக்கான வாடகையில் நிவாரணம் கோரலாம். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகள் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. அவ்வாறான வேளையில் வாடகையை முழுமையாக வாங்குவதற்கு உரிமையாளருக்கு உரித்தில்லை. மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமென எச்சரித்து வெளியேறுமாறு கூறிய வீட்டின் நிலையும் இவ்வாறானதே. எச்சரிக்கைக் கடிதத்தையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் பத்திரப்படுத்துவோரே பின்னர் இதனை நிரூபிக்க வல்லவராவர். வீடு பயன்படுத்தத்தக்கதாக இருக்கும்போது, வருமானம் குறைந்துவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் இத்தத்துவத்தின் நிழலில் ஒதுங்க முடியாது.

எவ்வளவு இழக்க நேரும்?

எவ்விதக் காரணமுமின்றி நொத்தாரிசுக் குத்தகையை உடைத்து வெளியேறுபவர் ஒப்பந்தத்தை மீறியவராவார். அப்போது உரிமையாளர் இரண்டிலொன்றைத் தெரிவு செய்யலாம். குத்தகை நடைமுறையில் உள்ளதென்று நின்று வாடகை முற்ற முற்ற அதனைக் கோரலாம்; அல்லது முறிவை ஏற்று நட்டஈடு கேட்கலாம். நட்டஈடு கேட்பாராயின், இழப்பைக் குறைப்பதற்குத் தாம் நியாயமான முயற்சி எடுக்க வேண்டியவர். அடுத்த மாதமே வேறொருவரைக் குடியேற்றிவிட்டு, பழைய குடியிருப்பாளரிடம் பத்து மாத வாடகை கேட்பது இரட்டை வருமானம் தேடுவதேயன்றி நட்டஈடாகாது. வீடு மீண்டும் எப்போது வாடகைக்குச் சென்றது என்பதை அயலவர் மூலமாவது அறிந்து வைத்திருப்பது இதற்காகவே.

'காலத்துக்கு முன் வெளியேறினால் முற்பணம் முழுவதும் இழக்கப்படும்' என்ற வாசகம் பல உறுதிகளில் உள்ளது. நேரக்கூடிய இழப்பை முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்டதாக அது இருந்தால் செல்லும். மிரட்டுவதற்காக எழுதப்பட்ட, இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டமாயின், அதை அப்படியே நிறைவேற்ற நீதிமன்றம் தயங்கும். இங்கே முற்பணம் என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு தொகைகளைக் குறிப்பதால் குழப்பம் அதிகரிக்கின்றது. மாதாமாதம் கழிக்கப்படும் முன்வாடகை ஒன்று. சேதத்துக்கும் நிலுவைக்கும் பிணையாக வைத்து இறுதியில் திருப்பித்தர வேண்டிய வைப்பு மற்றையது. முன்வாடகையில் குடியிருந்த மாதங்களுக்கானது கழிய, எஞ்சியதைப் பற்றியே பேச்சு. பிணை வைப்பிருக்கின்றதே என்று கடைசி மூன்று மாத வாடகையைத் தாமாகவே நிறுத்திக்கொள்வோர், அறிவித்தல் ஒழுங்காகக் கொடுத்திருந்தும் நிலுவைக்காரராகிவிடுகின்றனர்.

பெருந்தொகையொன்றைக் கொடுத்து வாடகையின்றியோ சிறு வாடகைக்கோ குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையை முழுமையாகத் திரும்பப் பெறும் ஏற்பாடு நகரங்களில் வழக்கிலுள்ளது. அது தன்மையில் ஈட்டை ஒத்தது. இது வட்டியின் பாற்படுமா என முஸ்லிம்கள் மத்தியில் நிகழும் மார்க்க விவாதம் வேறொரு விடயம். சட்ட நோக்கில் இதிலுள்ள பெரும் அபாயம், உரிமையாளர் அப்பணத்தை வேறு எங்கோ முடக்கியிருப்பார் என்பதே. இடையில் கேட்டால் அவரிடம் இராது. நொத்தாரிசு உறுதியும் பதிவும் இல்லாமல் பத்து, இருபது இலட்சத்தைக் கையளித்தவர், வெளியேறிய பின் அதனைக் கேட்டு அலைவதைவிட, பணம் கைக்கு வரும் நாளிலேயே திறப்பைக் கொடுப்பது என்ற நிபந்தனையில் நிற்பதே மேல்.

வெளியேறும் நாள்

மின்சார, நீர்க் கட்டணப் பட்டியல்களைத் தீர்த்து மானி இலக்கங்களைக் குறித்தல், ஒவ்வோர் அறையையும் படம் பிடித்தல், உரிமையாளருடனோ அவரது பிரதிநிதியுடனோ வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பொருட்பட்டியலில் இருவரும் கையொப்பமிடல் ஆகியவை வழமையானவை. முக்கியமானது திறப்பு. திறப்பை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியுடன் எழுதி வாங்கும் வரை உடைமை குடியிருப்பாளரிடமே உள்ளதாக வாதிடப்படலாம். திறப்பை வாங்க உரிமையாளர் மறுத்தால் சட்டத்தரணி மூலம் கடிதத்துடன் அனுப்பலாம். வெளியேறுவதாக இணங்கிய திகதிக்குப் பின்னும் தங்கியிருப்பது இப்போது முன்னரை விடப் பாதகமானது. குத்தகை முடிவுற்ற பின்னும் ஒப்படைக்கப்படாத இடங்களை மீட்கவென 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், உரிமையாளருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான நடைமுறையொன்றை வழங்கியுள்ளது.

பணத் தகராறு எழுந்தால், சட்டம் வரையறுத்த தொகைக்குட்பட்ட பிணக்குகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழமைந்த மத்தியஸ்த சபைக்கே முதலில் செல்ல வேண்டும். அங்கு பெருஞ்செலவில்லை, வருடக்கணக்கில் இழுபடுவதுமில்லை. பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக வைத்திருப்பவர் அங்கே பெரும்பாலும் ஏமாறுவதில்லை. அதற்கு மேற்பட்டவை மாவட்ட நீதிமன்றத்துக்குரியன. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடலாம்.

பதிவு செய்யப்பட்ட குத்தகையை இடையில் முடிப்போர், வெறுங் கடிதத்தோடு திருப்தியடையாமல், இரு தரப்பும் நொத்தாரிசு முன்னிலையில் இரத்து உறுதியொன்றை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவது உகந்தது. இல்லையேல் பதிவேட்டில் பழைய குத்தகை அப்படியே இருக்கும். வீட்டை விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ முனையும் உரிமையாளர், வெளிநாடு சென்றுவிட்ட பழைய குடியிருப்பாளரின் கையொப்பத்தைத் தேடி அலைய நேரும். இரத்து உறுதியின் செலவை யார் ஏற்பது என்பதையும், முற்பணத்தின் மிகுதி அதே மேசையில் கையொப்பமிடும் வேளையிலேயே கைமாற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். வங்கி வரைவு மூலம் கொடுக்கப்படும் தொகையை உறுதியிலேயே குறிப்பிடுமாறு நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளவும் முடியும்.